ராத்திரி எடுத்த ஸ்கேனை கம்ப்யூட்டரே படித்துச் சொல்லுமா?

மண்டபத்திலிருந்து ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கித் தருகிறேன். விசைப்படகில் மடி வலை இழுக்கும்போது வின்ச் (இழுவை இயந்திரம்) கயிறு அறுந்து தெறித்து, அவருடைய மச்சானுக்கு இடது விலாவுக்குக் கீழே பலமான அடி. கரைக்குக் கொண்டுவந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, நள்ளிரவுக்கு மேல் சி.டி. ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட் விடிந்த பிறகுதான் வந்தது. மண்ணீரல் கிழிந்திருக்கிறது என்று மதுரைக்கு அனுப்பினார்கள், அங்கே ஆபரேஷன் நடந்து பிழைத்துக்கொண்டார். "ஸ்கேனைப் பார்த்து உறுப்புக் காயத்தை கம்ப்யூட்டரே சொல்கிறதாம், டாக்டர்களைவிட நன்றாகச் சொல்வதாக ஒரு போட்டியில் நிரூபித்துவிட்டார்களாம். அது இருந்திருந்தால் அன்று ராத்திரியே தெரிந்திருக்குமா? நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் ஏன் இல்லை? இன்ஜினீயரிங் படிக்கும் என் அக்கா மகள் இதையே ப்ராஜெக்டாகச் செய்ய ஆசைப்படுகிறாள், செய்யலாமா?" என்று கேட்கிறார்.

இதற்குள் வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. இயந்திரத்துக்குக் கிழிசல் தெரியுமா என்பதைவிட, ரேடியாலஜிஸ்ட் (ஸ்கேன் படித்துச் சொல்லும் டாக்டர்) இல்லாத ராத்திரியில் அது சொல்வதை வைத்து ஒரு முடிவெடுக்கலாமா, அப்படி எடுத்திருந்தால் அந்தச் சில மணி நேரம் மிஞ்சியிருக்குமா என்பதுதான் உங்கள் மனதில் ஓடுகிறது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது "காயம் இருக்கிறது" என்று சொன்னால், உடனே ஒரு ஆளை எழுப்பிப் பார்க்கச் சொல்வதற்கு அது போதுமான காரணம். "காயம் இல்லை" என்று சொன்னால், அதை நம்பி யாரையும் வீட்டுக்கு அனுப்பக்கூடாது. ஏன் இப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்து சொல்கிறேன் என்பதைத்தான் கீழே விரித்து எழுதுகிறேன்.

நான் ரேடியாலஜிஸ்ட். ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கத்து ஸ்கேன்களைப் பல வருஷமாகப் படித்து வருகிறேன், சில நாள் நேரில், சில நாள் வீட்டிலிருந்து டெலி ரேடியாலஜி மூலமாக. உங்கள் மச்சானின் ஸ்கேனை நான் பார்க்கவில்லை. ஆகவே அவருடைய காயம் எந்த அளவு, தாமதத்தால் அவருக்கு என்ன ஆனது என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பொதுவாக நடப்பதைத்தான் சொல்ல முடியும்.

சி.டி. மெஷின் நமக்குத் தருவது அடிப்படையில் எண்கள். உடம்பின் ஒவ்வொரு புள்ளியிலும் எக்ஸ்ரே எவ்வளவு தடைபட்டது என்பதை ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற அளவில் குறிக்கிறது. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. வயிற்றுக்குள் புதிதாகக் கசிந்த ரத்தம் ஏறக்குறைய 30 முதல் 45 வரை இருக்கும், உறைந்த ரத்தம் 45 முதல் 70 வரை. எந்த உறுப்பை ஒட்டி உறைந்த ரத்தம் சேர்ந்திருக்கிறதோ, பெரும்பாலும் அந்த உறுப்பில்தான் காயம். கையில் ஊசி வழியாக கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி, சுமார் 70 விநாடி கழித்துப் படம் எடுத்தால் கல்லீரலும் மண்ணீரலும் சீராக வெளுத்துத் தெரியும். கிழிந்த இடத்துக்கு ரத்தம் போகாததால் அங்கே கறுப்பாகக் கோடு விழும். ரத்தக்குழாய் அறுந்து அந்த நிமிஷமும் கசிந்துகொண்டிருந்தால், குழாய்க்கு வெளியே மகாதமனி அளவுக்கு வெளுத்த ஒரு திட்டு தெரியும். ஸ்கேன் படிக்கிறவர் பயப்படுவது அந்தத் திட்டைப் பார்த்துத்தான். மண்ணீரல் என்பது நுங்கு மாதிரி, மெல்லிய உறைக்குள் மெத்தென்ற சதை, நிறைய ரத்தம். விலா எலும்பு முறியாமலே அது கிழியலாம். கயிறு பட்ட இடத்தில் தோலில் பெரிதாக எதுவும் தெரியாமலும் இருக்கலாம்.

ஒரு மில்லிமீட்டர் தடிமனில் எடுத்தால் ஒரு வயிற்று ஸ்கேனில் 500 படம் வரை வந்துவிடும். மனிதர் அதை மேலும் கீழும் உருட்டிப் பார்க்கிறார். இயந்திரம் பெரும்பாலும் இரண்டு கட்டமாகச் செய்கிறது. முதலில் கல்லீரல் எது, மண்ணீரல் எது, சிறுநீரகம் எது என்று பிரித்து வெட்டி எடுக்கிறது. இது இப்போது நன்றாகவே கைவந்த வேலை. சுவிட்சர்லாந்தில் பாசல் பல்கலைக்கழக மருத்துவமனைக் குழு 2023-இல் வெளியிட்ட டோட்டல் செக்மென்டேட்டர் என்ற மென்பொருள், வெளியான நேரத்திலேயே உறுப்பு, எலும்பு, தசை, ரத்தக்குழாய் என்று 104 பாகங்களைத் தானாகவே பிரித்துக் காட்டியது, யாரும் இலவசமாக இறக்கி ஓட்டிப் பார்க்கலாம். அடுத்த கட்டத்தில், வெட்டி எடுத்த உறுப்பின் படங்களை வரிசையாக ஒரு நியூரல் நெட்வொர்க்குக்கு, அதாவது உதாரணங்களைப் பார்த்துப் பழகும் நிரலுக்கு, கொடுக்கிறார்கள். ஒரு படத்தில் இருக்கும் கறுப்புக் கோடு அதன் மேலும் கீழும் உள்ள படங்களிலும் தொடர்கிறதா என்று அது சேர்த்துப் பார்த்து, "காயம் இருப்பதற்கான வாய்ப்பு இவ்வளவு" என்று ஓர் எண்ணைத் தருகிறது. கடைசியில் வருவது எப்போதும் ஒரு வாய்ப்பு எண்தான். எத்தனைக்கு மேல் போனால் மணி அடிக்க வேண்டும் என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

நீங்கள் படித்த போட்டி, வட அமெரிக்க ரேடியாலஜி சங்கமான ஆர்.எஸ்.என்.ஏ. 2023-இல் காகிள் என்ற நிரல் போட்டித் தளத்தில் நடத்தியதாக இருக்கும். வயிற்றில் அடிபட்டவர்களின் சி.டி. ஸ்கேன்கள் 4,274, ஆறு கண்டங்களில் 14 நாடுகளைச் சேர்ந்த 23 நிறுவனங்களிலிருந்து திரட்டப்பட்டன. கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம் மூன்றுக்கும் காயம் இல்லை, லேசானது, கடுமையானது என்று மூன்று நிலை. குடலுக்கும், ரத்தம் கசிந்துகொண்டிருப்பதற்கும் உண்டு அல்லது இல்லை. அறுவை மருத்துவர்கள் உறுப்புக் காயத்தை 1 முதல் 5 வரை தரம் பிரிப்பார்கள். போட்டியில் 1 முதல் 3 வரை லேசு, 4-ம் 5-ம் கடுமை. ரத்தக் கசிவைத் தவறவிட்டால் மதிப்பெண்ணில் அடி பலமாக விழும்படி விதி வைத்திருந்தார்கள், அது சரியான விதி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணிகள் கலந்துகொண்டன. முன்னணியில் வந்த அணிகள் நான் மேலே சொன்ன வழியில்தான், உறுப்பை வெட்டி எடுத்துப் படங்களை வரிசையாகப் பார்க்கும் முறையில்தான் செய்தன.

இதிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது, கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகத்தில் கடுமையான கிழிசல் இருந்தால், படம் சரியாக எடுக்கப்பட்டிருந்தால், இயந்திரம் அதைப் பெரும்பாலும் பிடித்துவிடும். உங்கள் மச்சானுக்கு இருந்தது அந்த மாதிரிக் கிழிசல் என்றால், ஸ்கேன் முடிந்த சில நிமிஷங்களில் அது தெரிந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. டாக்டர்களைவிட நன்றாகச் செய்கிறது என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அந்தப் போட்டியில் எது காயம், எது காயமில்லை என்று விடை எழுதிக் கொடுத்தவர்கள் ரேடியாலஜிஸ்டுகள். அவர்கள் எழுதிய விடையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்றுதான் மதிப்பெண் போட்டார்கள். ஆசிரியரின் விடைத்தாளை வைத்து மாணவனைத் திருத்திவிட்டு, மாணவன் ஆசிரியரை மிஞ்சிவிட்டான் என்று சொல்ல வழியில்லை. அப்படிச் சொல்ல வேண்டுமானால், வயிற்றைத் திறந்து பார்த்த அறுவை மருத்துவர் என்ன கண்டார், நோயாளி ஒரு வாரம் கழித்து எப்படி இருந்தார் என்பதோடு இருவரையும் ஒப்பிட வேண்டும்.

இப்போது குடலுக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு உண்மையான கவலை அங்கேதான். மண்ணீரல் கிழிசல் பெரும்பாலும் அன்றைக்கே தன்னைக் காட்டிவிடும். சிறுகுடலில் ஒரு சின்ன ஓட்டை விழுந்தால், முதல் சில மணி நேரத்தில் ஸ்கேனில் இருப்பது மெஸன்டரியில் (குடலைத் தாங்கும் சவ்வு) ஒரு மங்கலான நரைப்பு, குடல் மடிப்புகளுக்கு நடுவே கொஞ்சம் நீர், சில சமயம் ஒரு துளி காற்று. அவ்வளவுதான். அனுபவசாலிகளுக்கே அது நழுவும். மறுநாள் வயிறு கல்லாகி, காய்ச்சல் வந்து, சீழ் பரவிய பிறகு தெரிந்தால் அது வேறு கதை. இயந்திரத்துக்கும் இதுதான் கஷ்டம், அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. போட்டியில் பயிற்சிக்குக் கொடுத்த 3,147 நோயாளிகளில் குடல் காயம் இருந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் இரண்டு பேர்தான். அரிதாகப் பார்த்ததை யாரும் நன்றாகக் கற்றுக்கொள்ள முடியாது.

அரிதாக இருப்பதால் வரும் இன்னொரு சிக்கலைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். இது உதாரணக் கணக்கு, எந்த மென்பொருளின் நிஜ அளவும் இல்லை. ஆயிரம் பேர் வயிற்றில் அடிபட்டு வருகிறார்கள், அதில் 20 பேருக்குக் குடல் காயம் என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம் காயம் உள்ள நூறு பேரில் 90 பேரைச் சரியாகப் பிடிக்கிறது, காயம் இல்லாத நூறு பேரில் 90 பேரைச் சரியாக விடுகிறது. கேட்கும்போது நல்ல இயந்திரம்தான். அது 18 பேரைப் பிடிக்கும், இரண்டு பேரைத் தவறவிடும். காயமில்லாத 980 பேரில் 98 பேருக்கு வீணாக மணி அடிக்கும். மொத்தம் 116 தடவை மணி, அதில் 18 மட்டும் நிஜம். டியூட்டி டாக்டர் ஒரு மாதத்தில் அந்த மணியைக் காதில் வாங்காமல் போய்விடுவார். மணியைக் குறைக்க அளவை உயர்த்தினால் தவறவிடுவது இரண்டிலிருந்து ஐந்து, ஆறு என்று ஏறும். இரண்டையும் ஒரே சமயத்தில் குறைக்க வேண்டுமானால் குடல் காயம் உள்ள ஸ்கேன்கள் ஏராளமாக வேண்டும், அவை உலகத்திலேயே குறைவு.

கணையமும் அப்படித்தான். அடிபட்ட முதல் 12 மணி நேரத்தில் எடுத்த ஸ்கேனில் கணையக் காயம் தெரியாமலே இருக்கலாம். சைக்கிள் ஹேண்டில்பார் வயிற்றில் குத்தி வரும் பிள்ளைகளுக்கு இது வருவது எல்லா குழந்தை மருத்துவர்களுக்கும் தெரியும். 2023 போட்டியில் கணையத்துக்கென்று ஒரு விடையே கேட்கப்படவில்லை. கேட்காததை அந்த இயந்திரம் சொல்லாது. "எல்லா உறுப்பும் சரி" என்று திரையில் பச்சையாக வரும்போது, எல்லா உறுப்பும் என்றால் எவை எவை என்று பார்க்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் இதை அப்படியே கொண்டுவந்து மாட்டினால் என்ன ஆகும் என்பதில் எனக்குச் சந்தேகங்கள் உண்டு. ஒன்று, ஸ்கேன் எடுக்கும் விதம். கான்ட்ராஸ்ட் செலுத்தி 25, 30 விநாடியிலேயே படம் எடுத்துவிட்டால், நல்ல மண்ணீரலே வரிவரியாகத் தெரியும். ரத்தம் அதற்குள் சீராகப் பரவாததால் வரும் தோற்றம் அது. பழகாத கண்ணுக்கும் பழகாத இயந்திரத்துக்கும் அது கிழிசல்தான். பிறவியிலேயே மண்ணீரலில் வெட்டு விழுந்த மாதிரி பள்ளம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். வலியில் நோயாளி அசைந்தால் படம் கலங்கும், கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் பக்கத்திலேயே வைத்து எடுத்தால் கல்லீரல், மண்ணீரல் மேல் கீற்றுக் கீற்றாகக் கோடு விழும். ராத்திரி ஒரே டெக்னீஷியன், பக்கத்தில் அலறும் நோயாளி, வெளியே பதற்றத்தில் குடும்பம் என்றால் பாடப்புத்தகப் படம் வராது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. கான்ட்ராஸ்ட் இல்லாமலே வெறும் ஸ்கேன் எடுத்து வருவதும் உண்டு. அதில் கிழிசலைத் தேடுவது மனிதருக்கும் இயந்திரத்துக்கும் ஒரே மாதிரி வீண்.

இன்னொன்று, அடிபடும் விதம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் மதுரை ரோட்டிலும் பைக் விபத்து எங்கும் உள்ளதுதான். ஆனால் எனக்கு வரும் ஸ்கேன்களில் சாயல்குடி, ஏர்வாடி பக்கம் பனையிலிருந்து விழுந்தவர்கள் இருக்கிறார்கள், வின்ச்சில் அடிபட்டவர்கள், இரண்டு படகுக்கு நடுவே நசுங்கியவர்கள், வடமாடு முட்டியவர்கள் இருக்கிறார்கள். மாடு முட்டியதில் வெளியே சின்னக் காயமும் உள்ளே குடல் கிழிசலும் இருக்கும். இந்த மாதிரிக் காயங்களைக் குறைவாகப் பார்த்துப் பழகிய இயந்திரம் இங்கே எவ்வளவு சரியாகச் சொல்லும் என்பதை இங்கே எடுத்த ஸ்கேன்களை வைத்துச் சோதித்தால்தான் தெரியும். அந்தச் சோதனை நடக்கும்வரை, வேறு ஊரில் எடுத்த மதிப்பெண்ணை இங்கே பேசுவதில் அர்த்தமில்லை.

சரி, அன்று ராத்திரிக்கு வருவோம். அடிபட்ட இடம் கடல். படகு கரை சேரும் நேரம், கரையிலிருந்து 108 வரும் நேரம், மண்டபத்திலிருந்து ராமநாதபுரம், அங்கிருந்து மதுரைக்கு ஏறக்குறைய 110 கிலோமீட்டர். இந்த மொத்த நேரத்தில் இயந்திரம் மிச்சப்படுத்தக்கூடியது ஒரே ஒரு துண்டு: ஸ்கேன் எடுத்ததற்கும் ரிப்போர்ட் வந்ததற்கும் நடுவே போன நேரம். அது நான்கைந்து மணி நேரமாக இருந்தால் அது பெரிய துண்டுதான், ரத்தம் கசிந்துகொண்டிருப்பவருக்கு உயிர்த் துண்டு. நான் அதைச் சின்னதாக்கிப் பேச மாட்டேன். ராத்திரி மூன்று மணிக்கு நாற்பது ஸ்கேன் வரிசையில் நிற்கும்போது, அதில் ஒன்றை மேலே தூக்கி "இதை முதலில் பார்" என்று யாராவது எனக்குச் சொன்னால் நான் நன்றியோடு பார்ப்பேன். இயந்திரத்துக்கு நான் தர விரும்பும் முதல் வேலை அதுதான். வரிசையை மாற்றுவதில் அது தவறினாலும், அந்த ஸ்கேனை ஒரு மனிதர் எப்படியும் பார்க்கத்தான் போகிறார்.

ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாடித் துடிப்பு ஏறி, ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருக்கும் நோயாளிக்குக் கேள்வி ஸ்கேனைப் பற்றியதே கிடையாது. அவருக்குப் படுக்கையிலேயே அல்ட்ராசவுண்ட் வைத்து, கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவிலும், மண்ணீரலைச் சுற்றியும், அடிவயிற்றிலும், இதயத்தைச் சுற்றியும் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று இரண்டு மூன்று நிமிஷத்தில் பார்ப்பார்கள். ரத்தம் ஏற்றிக்கொண்டே ஆபரேஷனுக்குப் போக வேண்டியவர் அவர். அவரை சி.டி. அறைக்குள் தள்ளுவதே ஆபத்து. மறுபக்கம், ரத்த அழுத்தம் நிலையாக இருப்பவருக்கு மண்ணீரல் கிழிந்திருந்தாலும், பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமல் படுக்க வைத்துக் கவனிப்பதுதான் இன்றைய வழக்கம். கசியும் குழாயை உள்ளேயே அடைக்கும் எம்போலைசேஷன் வசதியும் சில ஊர்களில் உண்டு. ஆகவே கிழிசல் தெரிந்த நேரத்தைப் போலவே, அவர் அப்போது எப்படி இருந்தார், பக்கத்தில் ரத்தமும் அறுவை மருத்துவரும் இருந்தார்களா என்பவையும் முடிவைத் தீர்மானிக்கின்றன. முன்கூட்டித் தெரிந்திருந்தால் உங்கள் மச்சானின் மண்ணீரலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று நான் சொன்னால் அது பொய்யாக இருக்கலாம், காப்பாற்றியிருக்கவே முடியாது என்று சொன்னாலும் பொய்யாக இருக்கலாம்.

நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் ஏன் இல்லை என்ற கேள்விக்கு, பணம் ஒரு காரணம் என்றாலும் முதல் காரணம் அதுவல்ல. தலைக்குள் ரத்தக்கசிவைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் எவ்வளவோ முன்னால் போய்விட்டன. 2018-இல் லான்செட் இதழில் வந்த இந்திய ஆய்வு ஒன்று மூன்று லட்சத்துக்கும் அதிகமான தலை ஸ்கேன்களை வைத்துச் செய்யப்பட்டது. வயிற்றுக் காயத்துக்குப் பொதுவில் கிடைத்த பெரிய தொகுப்பு நாலாயிரத்துச் சொச்சம். தலை ஒரே எலும்புக் கூட்டுக்குள் அசையாமல் இருக்கிறது, வயிறு மூச்சு விடும்போதெல்லாம் நகர்கிறது, குடல் ஒருவருக்கு இருக்கும் மாதிரி இன்னொருவருக்கு இருப்பதில்லை. அடுத்தது சட்டம். இந்தியாவில் 2017 மருத்துவக் கருவி விதிகளின் கீழ், நோயைக் கண்டறியப் பயன்படும் மென்பொருளும் மருத்துவக் கருவிதான். போட்டியில் ஜெயித்த நிரலை எடுத்து நேராக காஷுவாலிட்டியில் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. அது தவறினால் யார் பொறுப்பு என்பதற்கு ஒரு பதில் இருந்தாக வேண்டும்.

அப்புறம் சின்னதாகத் தெரியும் ஒரு விஷயம், என் அனுபவத்தில் அதுதான் தினசரித் தலைவலி. ஒரு படம் அரை மெகாபைட் என்றால் 500 படம் 250 மெகாபைட். விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல், 2 மெகாபிட் என்றால் பதினேழு நிமிஷம். மழைநாளில் லைன் அறுந்தால் அதுவும் இல்லை. அதனால் பல இடங்களில் நடப்பது என்னவென்றால், ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்து போனில் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்புகிறார்கள். நானும் அவசரத்துக்கு அதைப் பார்த்துக் கருத்துச் சொல்வேன், வேறு வழியில்லாதபோது. ஆனால் அந்தப் போட்டோவில் ஹவுன்ஸ்ஃபீல்டு எண்கள் கிடையாது, 500 படத்தில் 30, 40 கட்டம் மட்டும்தான் இருக்கும். அதைக் கொடுத்து இயந்திரத்திடம் கேட்பது வீண். ஆகவே இந்தக் கடற்கரைக்கு இயந்திரம் வருவதற்கு முன்னால் வர வேண்டியது, ஸ்கேன் முழுதாக ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு ராத்திரியிலும் தடையில்லாமல் போகும் வழி. அது வந்துவிட்டாலே, இயந்திரம் இல்லாமலும், ரிப்போர்ட் பாதி நேரத்தில் வந்துவிடும் என்று நினைக்கிறேன். இது என் கணிப்பு, நிரூபித்த உண்மை இல்லை.

ராமநாதபுரத்தில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது இந்த விஷயத்தில் நல்ல வாய்ப்பு. என்னைக் கேட்டால் முதல் ஒரு வருஷம் இயந்திரத்தை மௌனமாக ஓட விட வேண்டும். அது சொல்வது எந்த டாக்டர் திரையிலும் வரக்கூடாது. ரேடியாலஜிஸ்ட் என்ன எழுதினார், அறுவையில் என்ன கண்டார்கள், நோயாளி திரும்பி வந்தாரா என்பதையெல்லாம் பக்கத்தில் வைத்து, இது எங்கே தவறியது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். முக்கியமாக, தவறவிட்டவர்களைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு வரிசையை மாற்றும் வேலையைக் கொடுக்கலாம். இது உயிரிழப்பைக் குறைக்கும் என்று நான் நம்புகிறேன். ஆனால் வரிசையை மாற்றியதால் இத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எண்ணிக் காட்டும்வரை, நம்பிக்கை என்ற பெயரில்தான் அதைச் சொல்ல வேண்டும்.

உங்கள் அக்கா மகள் தாராளமாகச் செய்யட்டும். ஆர்.எஸ்.என்.ஏ. தொகுப்பு ஆராய்ச்சிக்குத் திறந்திருக்கிறது, எடுப்பதற்கு முன் அதன் உரிம நிபந்தனைகளைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணி இருக்கிறது. அதில் பலருக்கு, ஒரே நோயாளிக்கே, இரண்டு ஸ்கேன் வரிசை இருக்கும், 3,147 பேருக்கு 4,711 வரிசை. ஒன்று பயிற்சியிலும் இன்னொன்று சோதனையிலும் போய்விட்டால் மதிப்பெண் பிரமாதமாக வரும், ஆனால் அது ஏற்கெனவே பார்த்த ஆளை மறுபடி அடையாளம் கண்டுகொண்டதுதான். நோயாளிவாரியாகப் பிரிக்க வேண்டும். நான் ஆலோசகராக இருந்தால் புதிதாகக் காயத்தைக் கண்டுபிடிக்கும் மாடலைச் செய்யச் சொல்ல மாட்டேன். இந்த ஸ்கேன் படிக்கத் தகுந்ததா, கான்ட்ராஸ்ட் போட்டிருக்கிறதா, எந்த நேரத்தில் எடுத்தது, நோயாளி அசைந்திருக்கிறாரா என்று மட்டும் சொல்லும் ஒரு நிரலைச் செய்யச் சொல்வேன். நோயாளி மேஜையில் இருக்கும்போதே "மறுபடி எடு" என்று சொல்ல முடிந்தால் அதன் பயன் நாளைக்கே தெரியும். உள்ளூர் ஸ்கேன்கள் வேண்டுமென்றால் கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கி, பெயர், எண், தேதி எல்லாம் நீக்கிய பிறகுதான் தொட வேண்டும்.

இனி யாருக்காவது இப்படி அடிபட்டால் உங்களுக்கு உதவும் சிலது. வயிற்றில் அடிபட்டவருக்கு சாப்பிட, குடிக்க எதுவும் கொடுக்க வேண்டாம். இடது தோள்பட்டை நுனியில் காரணமில்லாமல் வலித்தால் அது மண்ணீரல் ரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதாக இருக்கலாம். வெளிறிப்போவது, தலைசுற்றல், நாடி வேகமாக அடிப்பது, வயிறு உப்புவது, சிறுநீரில் ரத்தம், இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். இளவயதுக்காரர்களுக்கு ரத்த அழுத்தம் கடைசிவரை தாக்குப்பிடித்து, பிறகு ஒரேயடியாக விழும். முதலில் ஏறுவது நாடி. வேறு ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் செய்தால் ஃபிலிமோடு நிற்காமல், முழு ஸ்கேன் உள்ள சி.டி. தட்டையோ பென் டிரைவையோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் ஸ்கேன் சுத்தம் என்று சொன்ன பிறகும் வலி கூடினால், காய்ச்சல் வந்தால், திரும்பிப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் நழுவிய குடல் காயம் தெரியவருவது பெரும்பாலும் அந்த இரண்டாவது பார்வையில்தான்.

மதுரையில் ஆபரேஷனில் மண்ணீரலை எடுத்துவிட்டார்களா, தைத்து வைத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. டிஸ்சார்ஜ் தாளில் ஸ்ப்ளீனெக்டமி என்று இருந்தால் எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அப்படியானால் நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகள் அவருக்குப் போட வேண்டும், வழக்கமாக ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் கழித்து. போட்டார்களா என்று தாளில் பாருங்கள், இல்லையென்றால் இந்த வாரமே போய்க் கேளுங்கள். மண்ணீரல் இல்லாதவருக்குக் காய்ச்சல் வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போகக்கூடாது. அன்றைக்கே டாக்டரிடம் போய், மண்ணீரல் எடுத்திருக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். இதை அவரிடமும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.